நாலாவது அலுமாரி

அத்தியாயம் 5

களவு போனவை முப்பத்து மூன்று பதிவு அட்டைகள். பிள்ளைகள் யாரும் களவு போகவில்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆழியத்துறையில் எந்தத் தாய்க்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை என்றால் குழந்தைகள் கிளினிக். வழக்கமாக எண்பது பிள்ளைகள் போட்டி போட்டு அழுகிற மண்டபம், அன்று காலை பத்து மணிக்கு ஆளரவமில்லாமல் கிடந்தது. ஊசி மருந்து ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. பிள்ளை நிறுக்கும் தராசு கடற்காற்றில் தானாக ஆடியது. அதைப் பார்த்தபடி மருத்துவமாது கனகாம்பிகை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அதுவரை வந்தவள் ஒரே ஒரு தாய். அவளும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. தன் பிள்ளையின் அட்டை இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்றதும் அதைக் கையோடு தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"சேர், இஞ்சை அழ ஆளில்லாமல் மருத்துவமாது தானே அழப்போறா போலை கிடக்கு" என்றாள் ஸ்ரெல்லா, குரலைத் தாழ்த்தி.

நேசையா மேசையில் மூன்று தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

நேசையா இருபத்திரண்டு வருடம் தபால் இலாகாவில், விலாசம் தவறிய கடிதங்களுக்கு ஆள் கண்டுபிடிக்கிற உத்தியோகம் பார்த்தவர். இளைப்பாறிய பிறகு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டினார். காணாமற்போன மாடு, காணாமற்போன மாப்பிள்ளை, இரண்டையும் ஒரே முகத்தோடு தேடிக் கொடுப்பார். ஸ்ரெல்லா குருநகர்க்காரி, வயது இருபத்தாறு. தட்டெழுத்துக்காரியாகச் சேர்ந்தவள். அவளுடைய வாய் தட்டெழுத்து இயந்திரத்தைவிட வேகம் என்பது சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்த நேசையாவுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழக்கைக் கொடுத்தவர் ஆழியத்துறை ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர் டொக்டர் ஜெபரட்ணம். மூன்று கிழமைக்குள் கிளினிக்கில் பதினொரு அட்டை, பாடசாலையில் பதினொரு சுகாதார அட்டை, ஆஸ்பத்திரியில் பதினொரு நோயாளர் அட்டை காணாமற்போயின. பூட்டு எதுவும் உடைபடவில்லை. பொலிசுக்குப் போனால் பேப்பரில் வரும், பேப்பரில் வந்தால் ஊர் கலங்கும் என்று டொக்டர் பயந்தார். ஊர் பேப்பருக்காகக் காத்திருக்கவில்லை. எங்கோ கட்டப்படும் பாலத்துக்குப் பலிகொடுக்கப் பிள்ளை தெரிவு செய்கிறார்கள், அட்டையில் நிறை பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று கதை பரவிவிட்டது. முந்தின நாள் ஆறு வயதுப் பெடியன் ஒருவனை வலிப்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. காணாமற்போன அட்டைகளில் அவனுடையதும் ஒன்று. ஊருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"எத்தினை பிள்ளையள், ஸ்ரெல்லா?" என்றார் நேசையா.

"முப்பத்து மூண்டு. கணக்குத் தெரியாட்டியும் மூண்டு பதினொண்டு தெரியும்."

"பதினொண்டு."

அவர் மூன்று தாள்களையும் அவள் பக்கம் திருப்பினார். பதிவேடுகளைப் பார்த்து எழுதிய பெயர்கள். கிளினிக் தாளில் தாயின் பெயரும் எத்தனையாவது பிள்ளை என்பதும் மட்டும் இருந்தன: 'இரத்தினம்மா, மூன்றாவது'. பாடசாலைத் தாளில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துப் பெயர்: 'ஆ. கணேசலிங்கம்'. ஆஸ்பத்திரித் தாளில், பிள்ளையைத் தூக்கிவந்தவர் பதற்றத்தில் சொன்ன பெயர்: 'குஞ்சன்'.

"தாய் இரத்தினம்மா, தேப்பன் ஆழ்வாப்பிள்ளை, கடற்கரை ஒழுங்கை" என்றார் நேசையா. "ஒரு வீட்டுக்கு மூண்டு பேரிலை கடிதம் வந்தால் தபாற்காரன் மூண்டு வீடு தேடமாட்டான். இது ஒரே பெடியன். இப்ப ஆஸ்பத்திரி வாட்டிலை கிடக்கிறவன். மற்றப் பத்தும் இப்பிடித்தான்."

கனகாம்பிகை எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "குஞ்சனோ கணேசலிங்கம்? நான்தானே அவனைப் பிறப்பிச்சனான். எனக்கே உந்தப் பேர் தெரியாது."

"கள்ளனுக்குத் தெரிஞ்சிருக்கு. முப்பத்து மூண்டிலை ஒண்டைக்கூடப் பிழையா எடுக்கேல்லை" என்றார் நேசையா. "பிள்ளையின்ரை மூண்டு பேரும் ஆருக்குத் தெரியும்?"

"தாய்க்கு" என்றாள் ஸ்ரெல்லா.

"பதினொரு பிள்ளையின்ரை பேரும்?"

"பதினொரு தாய்க்கு. இல்லாட்டிக் கடவுளுக்கு. அவரைப் பிடிக்கிறது எங்களாலை ஏலாது, சேர்."

நேசையா மருத்துவமாதுவின் பக்கம் திரும்பினார். "இஞ்சை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. வேறை ஆரும் இந்த ஊர்ப் பிள்ளையளுக்குக் காட், அட்டை எண்டு வைச்சிருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை." அவள் யோசித்தாள். "பல்லு மிஸ்ஸி ஒரு அலுமாரி வைச்சிருக்கிறா, பள்ளிக்கூடத்துப் பின் அறையிலை. அது பல்லுத்தானே, நோய் வருத்தமோ?"

"அங்கையும் களவு போனதோ?"

"இல்லைப் போலை. போயிருந்தால் சொல்லியிருப்பா."

நேசையா பேனாவை மூடினார்.

"நாலு அலுமாரி. மூண்டிலை களவு" என்றார்.

"கள்ளனுக்குப் பல்லிலை விருப்பமில்லை" என்றாள் ஸ்ரெல்லா.

"இல்லாட்டிப் பல்லு ஏற்கெனவே கள்ளனிட்டைக் கிடக்கு. எழும்பு, போவம்."

பாடசாலை அரை மைல். நேசையாவின் ஒஸ்ரின் காரில் அந்தத் தூரம் நடந்து போவதைவிடச் சற்று விரைவாகப் போகலாம். பின் அறைக்குப் போகிற வழியில் வகுப்பறைகள் பாதி வெறுமையாக இருந்ததை ஸ்ரெல்லா கவனித்தாள். பிள்ளைகளைப் பெற்றோர் விடவில்லை என்று வாசலில் நின்ற ஆசிரியர் சொன்னார். கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுகிறார்களாம்.

பின் அறையில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, காலால் மிதிக்கும் பல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். பெயர் வினிபிரட், பிள்ளைகளின் பல் பார்க்கும் தாதி. அச்சுவேலிக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் முன்னால் உயரக் கதிரையில் ஒரு சிறுமி வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தாள்.

"பள்ளிக்கூடத்திலை அருமைநாயகி. அது பெரிய பேர், எனக்கு வாய் நோகும்" என்றாள் வினிபிரட் அந்தச் சிறுமியிடம். "வீட்டிலை உன்னை என்னெண்டு கூப்பிடுறவை?"

"கிளி."

"கிளிக்குப் பல்லிருக்கோ? காட்டு பாப்பம்."

சிறுமி சிரித்தாள். வாய் திறந்தது. கண்ணாடி உள்ளே போய் வெளியே வந்தது. ஸ்ரெல்லா நேசையாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுமி போனதும் நேசையா தொப்பியைக் கழற்றி ஸ்ரெல்லாவிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சின்னக் கதிரையில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நாடிக்குக் கிட்ட வந்தன.

"எந்தப் பல்லு?" என்றாள் வினிபிரட்.

"பல்லு நல்லாயிருக்கு, மிஸ்ஸி. உங்கடை அலுமாரியைத்தான் பாக்கவேணும்."

அவள் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். முகத்தில் பயம் இல்லை. நெடுநேரம் பஸ்ஸுக்கு நின்றவள் பஸ்ஸைக் கண்டதுபோல் இருந்தது அந்த முகம்.

"ஆரெண்டாலும் வந்து கேப்பினம் எண்டு எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லித் திறப்பை எடுத்தாள்.

அலுமாரியின் மேல் தட்டில் பதினொரு கட்டுகள் இருந்தன. ஒவ்வொரு கட்டிலும் நான்கு அட்டைகள். மூன்று களவெடுத்தவை, ஒன்று அவளுடையது. காயத்துக்குக் கட்டும் துணி நாடாவால் முடிந்திருந்தாள்.

"பள்ளிக்கூட அலுமாரித் திறப்பு என்ரை திறப்போடை ஒரே வளையத்திலை கிடக்கு" என்றாள். "கிளினிக்கிலை பிள்ளை நிறுக்க உதவி செய்யப் போனனான். ஆஸ்பத்திரியிலை கிளாக்கரோடை தேத்தண்ணி குடிச்சன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. வெள்ளைச் சட்டைதானே போட்டிருந்தனான்."

"நாங்கள் அடுத்த வழக்குக்கு வெள்ளைச் சட்டை தைப்பம், சேர்" என்றாள் ஸ்ரெல்லா.

"ஏன் எடுத்தனீங்கள்?" என்றார் நேசையா.

வினிபிரட் தன் அட்டை ஒன்றை நீட்டினாள். பல்வரிசை ஒன்று கீறியிருந்தது. ஈறு பல்லைத் தொடுகிற இடத்தில், பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருநீலக் கோடு.

"போன மாசம் பதினொரு பிள்ளையின்ரை ஈறிலை இதைக் கண்டனான். பயிற்சி எடுக்கேக்கை ஒரு படம் காட்டினவை. ஈயம் உடம்புக்குள்ளை போனவைக்கு இப்பிடிக் கோடு விழும். அச்சகத்திலை எழுத்து அடுக்கிறவைக்கு வாறது. இந்தப் பிள்ளையளுக்கு வேறை வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு மூண்டு இடத்துக்கும் எழுதிக் கேட்டன். மருத்துவமாது டொக்டரைக் கேக்கவேணும் எண்டா. அதிபர் கல்விக் கந்தோரைக் கேக்கவேணும் எண்டார். டொக்டர் இதை அனுப்பினார்."

நேசையா அந்தக் கடிதத்தை வாங்கினார். நான்கு வரி. ஒரு நிறுவனத்தின் பதிவேடுகளை வேறு நிறுவனத்துக்குக் காட்டும் வழக்கம் இல்லை. ஈய நஞ்சு அச்சகத் தொழிலாளருக்கு வருவது. ஆழியத்துறையில் அச்சகமும் இல்லை, அதில் வேலை செய்யும் ஆறு வயதுத் தொழிலாளரும் இல்லை. கீழே கையெழுத்து. நேசையா தன் சட்டைப் பையிலிருந்து வேறொரு கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். திருடனைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தனக்கு வந்த கடிதம். இரண்டிலும் ஒரே ஜெபரட்ணம்.

"சேர், எங்களை அனுப்பினவரைத்தான் நாங்கள் பிடிச்சிருக்கிறம்" என்றாள் ஸ்ரெல்லா.

வினிபிரட் குஞ்சனின் கட்டை அவிழ்த்து அட்டைகளைப் பரப்பினாள். கிளினிக் அட்டையில்: இரத்தம் குறைவு, இரும்புக் குளிசை கொடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரி அட்டையில்: வயிற்றுக் குத்து, பூச்சி மருந்து, மறுபடி வயிற்றுக் குத்து, மறுபடி பூச்சி மருந்து. பாடசாலை அட்டையில்: மந்தம், வகுப்பில் நித்திரை, கண்டிக்கப்பட்டான்.

"அவரவர் தங்களுக்குத் தெரிஞ்சதைச் சரியாத்தான் எழுதியிருக்கினம்" என்றாள். "நாலையும் ஒண்டா வைச்சு வாசிச்சால் அந்தப் படத்திலை கண்ட வருத்தம். பதினொண்டும் இதே மாதிரி. நேற்றுப் பின்னேரம் குஞ்சனுக்கு வலிப்பு எண்டு கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினன். ஈயம் எங்கையிருந்து வந்தது எண்டு சொல்லும், பேந்து கதைப்பம் எண்டார் டொக்டர். காட்டுறதுக்குக் காட் இருந்தது, களவெடுத்த காட்டை எப்பிடிக் காட்டுறது? ஈயம் எங்கையிருந்து வந்தது எண்டும் எனக்குத் தெரியேல்லை. பதினொருத்தரும் ஒரே கிணத்திலை தண்ணி குடிக்கேல்லை, ஒரே கடையிலை சாமான் வாங்கேல்லை."

ஸ்ரெல்லா கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வருத்தங்களை அவள் வாசிக்கவில்லை. ஓரத்தில் இருந்த திகதிகளை வாசித்தாள். 1973 பெப்ரவரி இருபது. மார்ச் ஏழு. 1974 பெப்ரவரி பதினெட்டு, மார்ச் இரண்டு, மார்ச் ஒன்பது. இந்த வருடமும் அப்படியே. வேறு மாதம் தேடினாள். நாலைந்து பதிவுக்கு மேல் இல்லை.

"இவைக்கு வருசம் முழுக்க வருத்தம் இல்லையோ, மிஸ்ஸி?"

"அதைக் கண்டனான். முதல் மாங்காய்க் காலம் எண்டு நினைச்சன். பிறகு சோதினைக் காலம் எண்டு நினைச்சன்."

"உங்கடை அச்சுவேலியிலை மாங்காய். கடற்கரையிலை இது வாடைக்காத்து ஓயுற காலம். கடல் திறக்க முதல் கிழிஞ்ச வலை பொத்துற காலம். எங்கடை குருநகரிலை பெப்ரவரி பிறந்தால் ஒருத்தரும் கலியாணம்கூட வைக்கமாட்டினம், வலையோடைதான் இருப்பினம். மேலுக்கு மிதப்புக் கட்டுவினம், கீழுக்கு..."

அவள் நிறுத்தினாள். ஸ்ரெல்லா ஒரு வசனத்தை முடிக்காமல் விட்டதை நேசையா அன்றுதான் முதல்முறை கேட்டார்.

"கீழுக்கு ஈயக்குண்டு" என்றாள்.

வினிபிரட் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். "வலைக்கு ஈயம் கட்டுறது இண்டைக்கு நேற்றோ? அப்ப ஏன் மூண்டு வருசமா மட்டும்?"

"கடையிலை ஈயம் எங்கை கிடக்கு? இப்ப வெளிநாட்டிலையிருந்து ஒண்டையும் அரசாங்கம் விடுறதில்லையே. எங்கடை ஐயா ஒரு றாத்தல் ஈயத்துக்குக் கடை கடையா அலையுறார். இவை வேறை எங்கையோ எடுக்கினம்."

நேசையா ஏற்கெனவே கட்டுகளைப் பையில் போட்டுவிட்டார். "நான் இதுகளைக் கொண்டு டொக்டரிட்டைப் போறன். நீங்கள் இரண்டு பேரும் ஆழ்வாப்பிள்ளையின்ரை வாடிக்குப் போங்கோ. ஈயம் எங்கையிருந்து எண்டு தெரிஞ்சுகொண்டு ஓடிவாங்கோ."

வாடி என்பது வலையும் வள்ளச் சாமானும் வைக்கிற கிடுகுக் கொட்டில். ஆழ்வாப்பிள்ளையினுடையது பெரியது. காற்றுக்காகக் கடற்பக்கம் முழுக்க அடைத்திருந்தார்கள். கிட்டப் போகும்போதே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பாடசாலையில் கேட்காத சத்தம், கிளினிக்கில் கேட்காத சத்தம், எல்லாம் இங்கே இருந்தது.

உள்ளே முப்பது பிள்ளைகளாவது இருந்தார்கள். தாய்மார் சுற்றிவர இருந்து வலை பொத்தினார்கள். நடுவில் அடுப்பு, அடுப்பில் இரும்புச் சட்டி, சட்டியில் வெள்ளி மாதிரி ஏதோ கொதித்தது. மூலையில் உடைத்த லொறிப் பற்றரிகள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து கொட்டிய கறுப்புத் தூளைச் சிரட்டையில் அள்ளிப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடினார்கள். ஒருத்தி அரைக் கொத்து மா கேட்டாள். கடைக்காரன் விரலை நக்கிவிட்டு அளந்து கொடுத்தான்.

புகை ஸ்ரெல்லாவின் தொண்டையில் இனித்தது.

"வாங்கோ மிஸ்ஸி" என்று எழுந்தார் ஆழ்வாப்பிள்ளை. நாற்பது வயது, இரவு முழுக்க நித்திரையில்லாத கண். "மனிசி ஆஸ்பத்திரியிலை நிக்கிறா. எனக்கு அங்கை நிக்க ஏலாமல் கிடக்கு, இஞ்சை கையை அசைச்சுக்கொண்டாவது இருக்கலாம். பெடியன் கண் திறந்திட்டானோ?"

"இன்னும் இல்லை, அண்ணை" என்றாள் ஸ்ரெல்லா. "இவ்வளவு பிள்ளையளும் ஏன் இஞ்சை?"

"பிள்ளைபிடிகாரர் திரியினமெல்லோ. காட்டைக் களவெடுத்தவங்கள் பிள்ளையை விடுவாங்களோ? வருசா வருசம் வலை பொத்துறவையின்ரை பத்துப் பதினொரு பிள்ளையள்தான் இஞ்சை நிக்கிறது, இந்த முறை எல்லாரையும் விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் இஞ்சை கொண்டுவந்து வைச்சுப் பாக்கச் சொன்னன்."

வினிபிரட்டின் முகம் வெளிறியது. தான் எடுத்த முப்பத்து மூன்று அட்டைகள் என்ன செய்தன என்று அவள் அந்தக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். ஸ்ரெல்லாவும் பார்த்தாள்.

"காட்டை எடுத்தது நான்" என்றாள் வினிபிரட்.

வலை பொத்திய கைகள் நின்றன.

"நான்தான் எடுத்தனான். பிள்ளைபிடிகாரர் ஒருத்தரும் இல்லை. குஞ்சனுக்கு என்ன வருத்தம் எண்டு அறியத்தான் எடுத்தனான். வருத்தம் இந்தச் சட்டிக்குள்ளை கிடக்கு, அண்ணை. பற்றரி ஈயம். புகையும் நஞ்சு, இந்தத் தூளும் நஞ்சு. பிள்ளையளை வெளியிலை விடுங்கோ."

"என்ன கதை கதைக்கிறியள்? என்ரை அப்பு காலத்திலை இருந்து ஈயம் உருக்கிறம்!"

"அவர் முத்தத்திலை வைச்சு உருக்கியிருப்பார். அது கடையிலை வாங்கின கட்டி ஈயம். இது பற்றரியை உடைச்சு, அடைச்ச கொட்டிலுக்குள்ளை, மூண்டு வருசமா." அவள் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தாள். "வாயைத் திறவுங்கோ."

ஊரில் வள்ளமும் வலையும் உள்ள மனிதரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் திறந்தார். அவள் கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, வெளிச்சப் பக்கம் திருப்பினாள். ஆழ்வாப்பிள்ளை தன் ஈறில் ஓடிய கருநீலக் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"இதே கோடு பெடியனுக்கும் இருக்கோ?"

"ஓம்."

அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். சாக்கை எடுத்துக் கையில் சுற்றி, சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், மணலில் இறக்கினார். திரும்பி வந்து காலால் மண்ணைத் தள்ளி அடுப்பை மூடினார். பிறகு கத்தினார். "பிள்ளையளைத் தூக்குங்கோ! கையைக் கழுவுங்கோ! என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறியள், தூக்குங்கோ!"

கொட்டில் ஐந்து நிமிடத்தில் காலியானது. கடைக்காரன் மட்டும் சிரட்டையைத் தரமாட்டேன் என்று அழுதான்.

ஸ்ரெல்லா ஒரு பற்றரித் தகட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கேட்டாள்: "அண்ணை, இப்பிடி உருக்கிறது வேறை ஆருக்கும் தெரியுமோ?"

"இந்தப் பக்கத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. போன கிழமை குருநகரிலை இருந்து ஒருத்தர் வந்து பாத்துப் பழகினவர். நல்ல மனிசன். நாலு பற்றரியும் குடுத்துவிட்டனான்."

"பேர்?"

"நீக்கிலாப்பிள்ளை."

குருநகரில் அந்தப் பெயரில் பலர் இருக்கலாம். ஆனால் ஈயத்துக்காக அவளுடைய தகப்பனோடு கடை கடையாக அலைந்த நீக்கிலாப்பிள்ளை ஒருவர்தான். அவர் ஸ்ரெல்லாவின் அக்கா புருசன்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் ஓடினார்கள். டொக்டர் ஜெபரட்ணத்தின் மேசை முழுக்கப் பதினொரு கட்டும் அவிழ்ந்து கிடந்தன. அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நேசையா எதிரில் இருந்தார். ஸ்ரெல்லா தகட்டை அட்டைகளின் நடுவில் வைத்தாள்.

"லொறிப் பற்றரி" என்றாள். "வாடிக்குள்ளை உருக்கினவை."

டொக்டர் தகட்டைத் தொடவில்லை. கடைசிக் கட்டையும் வாசித்து முடித்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக் கொழும்புக்கு அவசர அழைப்புக் கேட்டார். இணைப்பு வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் வாட்டுக்குப் போய்க் குஞ்சனின் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். இணைப்புக் கிடைத்ததும் மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள் போலும். "பதினொண்டு" என்றார். வினிபிரட் குறுக்கிட்டு, "கொட்டிலுக்குள்ளை இப்ப முப்பது பேர் இருந்தவை" என்றாள். டொக்டர் அவளைப் பார்த்தபடியே, "முப்பது" என்று திருத்தினார்.

தொலைபேசியை வைத்துவிட்டு நேசையாவிடம் கேட்டார்: "கள்ளன் ஆர்?"

"உங்கடை கடிதம் கிடைச்சவ" என்றார் நேசையா. இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தார்.

டொக்டர் தன் கையெழுத்தை இரண்டு இடத்திலும் பார்த்தார். காது சிவந்தது. நல்ல டொக்டர்தான். ஆனால் மூன்று வருடமாகப் பூச்சி மருந்து எழுதிய கையும் அதே கைதான்.

"மிஸ்ஸி" என்றார் கடைசியில், "இதுகளை ஆர் ஒழுங்குபடுத்தினது? தாயின்ரை பேர், வீட்டுப் பேர், எல்லாம்."

"நான்தான், டொக்டர்."

"மற்றப் பிள்ளையளுக்கும் இப்பிடிச் செய்ய எவ்வளவு நாள் வேணும்?"

"காட் தந்தால் ஒரு மாசம். களவெடுக்கவேணுமெண்டால் கனகாலம் செல்லும்."

மருந்து வியாழக்கிழமை காலை ரயிலில் வந்தது. குஞ்சன் சனிக்கிழமை தண்ணீர் கேட்டான். பிழைத்தான். ஆனால் தெரிந்திருந்த எழுத்துகளில் பாதியை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. இந்த முறை யாரும் கண்டிக்கவில்லை. வினிபிரட் மேல் விசாரணை வந்தது. அட்டைகள் அனைத்தும் தன் சொல்லின்படியே ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அது பொய். அதைத் தட்டெழுதியவள் ஸ்ரெல்லா. அவள் ஓர் எழுத்துப்பிழையும் விடவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று செவ்வாய்க்கிழமை, டொக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் ஸ்ரெல்லா, "சேர், என்னைக் குருநகரிலை இறக்கிவிடுங்கோ. கெதியா" என்றாள். நேசையா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார். இருபது மைல். ஒஸ்ரின் அன்று தன் சரித்திரத்தில் இல்லாத வேகத்தில் ஓடியது. வழி முழுக்க ஸ்ரெல்லா மனதுக்குள் அக்காவின் பிள்ளைகள் மூவரையும் வயது வாரியாக எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள்.

அக்கா வீட்டு முற்றம் பின்னேர வெயிலில் கிடந்தது. மதிலோரம் மூன்று கல் வைத்து அடுப்பு. அத்தான் நீக்கிலாப்பிள்ளை குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். சட்டி சூடேறவில்லை. பற்றரி இரண்டை உடைத்திருந்தார். கடைசிப் பெட்டை, நாலு வயது, தகப்பனின் முதுகில் சாய்ந்து நின்றாள். கையில் ஒரு கறுப்புத் தகடு.

ஸ்ரெல்லா முதலில் அந்தத் தகட்டைப் பிடுங்கினாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கையிரண்டையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை கத்தினாள். கத்திய வாய்க்குள் ஸ்ரெல்லா பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். ஈறு இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

"எப்ப தொடங்கினனீங்கள், அத்தான்?"

"இண்டைக்குத்தான். ஏன் பிள்ளையைப் போட்டு உரஞ்சுறாய்?"

ஸ்ரெல்லா ஈரக் கையோடு வந்து, வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். சாம்பல் எழும்பி அவருடைய சாரத்தில் படிந்தது. அவர் துள்ளி எழும்பினார்.

"உனக்கு விசரோ? ஈயம் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தனான் தெரியுமோ?"

அவள் சொன்னாள். சட்டியைப் பற்றி, புகையைப் பற்றி, சிரட்டையில் மா அளந்த பெடியனைப் பற்றி, இன்னும் கண் திறக்காத குஞ்சனைப் பற்றி. அத்தான் கேட்டுக்கொண்டே மெதுவாகப் பின்னால் நகர்ந்து பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"உதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?" என்றார் அவர். "டொக்டரோ?"

"இல்லை அத்தான்" என்றாள் ஸ்ரெல்லா. "ஒரு கள்ளி."